ஜொகனஸ்பர்க் குளிரும் நம் வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் மே மாதம் பாதி தாண்டிக் குளிர் தொடங்கினால் போதும், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஜொகனஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் டர்பனிலும் தலைமுறையாக இருப்பவர்களும் கேட்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வெளிய நல்ல வெயில். வீட்டுக்குள்ள ஜெர்கின் போட்டு உட்கார்ந்திருக்கோம். இது என்ன ஊரு அண்ணா?

ஜொகனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் பகல் வெப்பம் 17 டிகிரி வரை போகும், இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. இங்கே மழை கோடையில்தான். அதனால் குளிர்காலத்தில் வானத்தில் மேகமே இருக்காது. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் அப்படியே வானத்துக்கு விட்டுவிடுகிறது. பனிகூடப் பெய்திருக்கிறது, 2012 ஆகஸ்ட் 7 அன்றும் 2023 ஜூலை 10 அன்றும். ஆனால் அது அபூர்வம். நம்மைப் படுத்துவது பனி அல்ல, தினசரி இரவுதான்.

வீடுகளோ கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி, இரும்புச் சட்ட ஜன்னல், தரையில் டைல்ஸ். வீட்டோடு சேர்ந்த ஹீட்டர் ஏற்பாடு எதுவும் கிடையாது. இரவெல்லாம் குளிர்ந்த சுவரும் தரையும் காலை பதினொரு மணிக்கும் குளிர்ந்தே இருக்கும். வெளியே வெயில் முகத்தில் படுகிறது, உள்ளே குளிர்ந்த சுவர் நம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதுதான் வித்தியாசம்.

எந்த ஹீட்டர் வாங்கலாம்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், கடைசியில் கேட்க வேண்டியதும் இதுதான். 2,000 வாட் ஹீட்டரை மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை ஓட்டினால் ஒரு நாளைக்கு 10 யூனிட், மாதத்துக்கு 300 யூனிட். யூனிட் கூடக்கூட விலையும் கூடும் கட்டண முறை இருக்கிற இடத்தில் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சூடு இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும் அறைக்கு எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கினாலும் பத்தாது.

ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், சுவரில் மாட்டும் பேனல் ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தருகின்றன. விளம்பரத்தில் எதைச் சொன்னாலும் இது மாறாது. ஃபேன் ஹீட்டர் உடனே சூடாக்கும், நிறுத்தினால் உடனே ஆறிவிடும். ஆயில் ஹீட்டர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், படுக்கையறைக்கு அது தேவலாம். மின்சாரம் நிஜமாகவே மிச்சமாவது இன்வெர்ட்டர் ஏ.சி.யைச் சூடாக்கும் முறையில் ஓட்டினால்தான். அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு கிடைக்கும். கோடைக்காக ஏற்கெனவே மாட்டியிருந்தால் அதையே போடுங்கள். தூங்கும்போது மட்டும் கதகதப்பு வேண்டுமென்றால் மின் போர்வை போதும். 100 வாட் போர்வை எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது.

எங்கிருந்து குளிர் வருதுன்னே தெரியல. எல்லாத்தையும் மூடித்தான் வச்சிருக்கோம்.

ஒரு ஊதுவத்தி ஏற்றுங்கள். காற்றடிக்கும் ஒரு மாலையில் ஃபேன், சமையலறை எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கதவடி, ஜன்னல் ஓரம், சாவித்துவாரம், சுவரில் குழாய் நுழையும் இடம், சீலிங்கில் அட்டத்துக்கு (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடத்துக்கு) ஏறும் மூடி, பதித்த விளக்குகளின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். புகை நேராக ஏறினால் பிரச்சினை இல்லை. வளைந்தாலோ கலைந்தாலோ அங்கே ஓட்டை. திரைச்சீலை பக்கம் மட்டும் ஜாக்கிரதை.

மேலே போகும் புகையையும் கவனியுங்கள். சூடான காற்று லேசானது, அது மேலே ஏறி சீலிங் இடுக்கு வழியாகத் தப்பிக்கிறது. அது போன இடத்தை நிரப்பக் கதவடி வழியாகக் குளிர்காற்று உள்ளே வருகிறது. காலில் சில்லென்று படுவதற்குக் காரணம் பல சமயம் தலைக்கு மேலே இருக்கிறது. பலர் கதவடியில் துணியை அடைத்துவிட்டு மேலே பார்ப்பதே இல்லை.

கதவடியில விரல் நுழையற அளவு சந்து. என்ன போட்டு அடைக்கலாம்?

வெளிக்கதவுக்கு, கதவின் அடியில் திருகி மாட்டும் பிரஷ் பட்டை ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கதவின் அகலத்துக்கு வெட்டி, மயிர் தரையை லேசாகத் தொடுகிற மாதிரி மாட்டுங்கள். அழுத்தி மாட்டினால் கதவு இழுக்கும், சீக்கிரம் தேயும்.

உள்கதவுகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பழைய காட்டன் புடவையைக் கதவின் அகலத்துக்கு நீளமான பை போலத் தைத்து, உள்ளே மணலோ அரிசியோ கொஞ்சம், மீதிக்குக் கிழிந்த துணி என்று அடைத்துக் கதவடியில் போட்டால் போதும். கனம் இருந்தால்தான் இடத்தில் நிற்கும். அரிசி போட்டால் எலி வரும் என்று என் வீட்டம்மா சொல்வதால் எங்கள் வீட்டில் மணல்தான்.

ஜன்னல் இரும்பு. எவ்வளவு இழுத்தாலும் முழுசா மூட மாட்டேங்குது.

பழைய வீடுகளில் இது சகஜம். வருடக்கணக்கில் பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து, அது கதவும் சட்டமும் சேரும் விளிம்பில் தடித்துப்போயிருக்கும். முதலில் அதைச் சுரண்டுங்கள். கீலுக்கு எண்ணெய் விடுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து உதிர்ந்திருந்தால் புதிதாக வையுங்கள். பாதி ஜன்னல்கள் இதிலேயே சரியாகிவிடும்.

மிச்சமிருக்கும் இடுக்குக்குப் பின்பக்கம் ஒட்டும் ஃபோம் டேப். ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடாவிட்டால் இரண்டே வாரத்தில் தொங்கும். மெல்லிய டேப் வாங்குங்கள். தடித்தது போட்டால் ஜன்னல் கொக்கியே விழாது. சட்டம் கோணியிருந்து இடுக்கு ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருந்தால் சிலிகான்தான் சரி. சட்டத்தில் சிலிகானை ஒரு கோடாக இழுத்து, ஜன்னல் கதவின் விளிம்பில் சமையலறை கிளிங் ஃபிலிமைச் சுற்றி, மெதுவாக மூடி, ஒரு நாள் காயவிட்டுத் திறந்து ஃபிலிமை உரித்துவிடுங்கள். அந்த ஜன்னலுக்கென்றே அளவெடுத்த ரப்பர் மாதிரி நிற்கும்.

கண்ணாடியில பபிள் ராப் ஒட்டினா குளிர் குறையுமாமே, நிஜமா?

நிஜம். கண்ணாடிக்கும் ராப்புக்கும் நடுவில் அசையாத காற்று நிற்கிறது, அதுதான் காப்பு. கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழ்ப் பக்கம் கண்ணாடியைப் பார்த்தபடி அழுத்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். பார்வை மங்கும் என்பதால் கூடத்துக்கு அழகாக இருக்காது. குளியலறைக்கும் வெயில் படாத தெற்குப் பக்க அறைக்கும் பரவாயில்லை.

இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: புதிதாகக் கட்டும்போது யோசியுங்கள். இருக்கிற வீட்டில் ஜன்னலைப் பிடுங்கி மாற்றும் செலவுக்குச் சீலிங்கை மூடி, திரைச்சீலை தைத்து, மிச்சப் பணத்தில் ஊருக்கே போய்வரலாம்.

திரைச்சீலை இருக்கே, அது பத்தாதா?

ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே தொங்கும் மெல்லிய துணி பத்தாது. உட்புறம் தடித்த லைனிங் இருக்க வேண்டும். ஜன்னலைவிட இரு பக்கமும் ஒரு சாண் அகலமாகவும், தரை வரையிலும் இருக்க வேண்டும். மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால், சூடான காற்று அதில் இறங்கி, கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, அடியில் வந்து உங்கள் கால்மேல் விழும். மேலே ஒரு பலகையோ மடித்த துணியோ வைத்து அதை மூடுங்கள்.

நேரமும் முக்கியம். காலை வெயில் கண்ணாடியில் விழ ஆரம்பித்ததும் முழுதாகத் திறங்கள். ஜூனில் சூரியன் ஐந்தரைக்குள் மறைந்துவிடுகிறது, ஐந்து மணிக்கே இழுத்து மூடிவிடுங்கள். வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து மூடினால், பகலில் சேர்ந்த சூடு அதற்குள் போயிருக்கும்.

வீடு தேடுறோம். வாஸ்துப்படி கிழக்கு பார்த்த வீடுதான் நல்லதுன்னு அம்மா சொல்றாங்க.

அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். வாசல் கிழக்கே இருக்கட்டும், கூடத்து ஜன்னல் வடக்கே இருக்கட்டும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். இங்கே சூரியன் வடக்கு வானில் போகிறது. ஜூன் 21 உச்சிப்பொழுதில் ஜொகனஸ்பர்க்கில் அது வடக்கே 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் உள்ளே வெகுதூரம் வந்து விழும். தெற்கு ஜன்னலுக்கு குளிர்காலம் முழுக்க வெயிலே கிடையாது. வீட்டு விளம்பரங்களில் வடக்கு பார்த்தது என்று பெரிதாகப் போடுவது இதனால்தான்.

வீடு பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்குப் போங்கள், வெயில் எந்த அறையில் விழுகிறது என்று பாருங்கள். குழந்தையோ வயதானவர்களோ படுக்கும் அறை வடக்கே அமைந்தால் பாதிக் கவலை விட்டது.

சீலிங் இன்சுலேஷன் போடணும்னு எல்லாரும் சொல்றாங்க. அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஜன்னல், கதவு வேலையெல்லாம் கைச்செலவில் முடியும். சீலிங்குக்குக் கொஞ்சம் பணம் வேண்டும், ஆனால் பலன் அதில்தான் அதிகம். 2011-இல் வந்த கட்டட விதிகள், சான்ஸ் 10400 எக்ஸ்.ஏ. என்பவை, புது வீடுகளுக்குக் கூரைக் காப்பைக் கட்டாயமாக்கின. ஜொகனஸ்பர்க் இருக்கும் குளிர் மண்டலத்துக்குக் கூரை மொத்தமாக 3.7 ஆர் மதிப்பு தர வேண்டும் என்றன அந்த 2011 விதிகள், டர்பனுக்கு 2.7. ஆர் மதிப்பு என்பது சூட்டைத் தடுக்கும் திறன், எண் பெரிதானால் நல்லது. உங்கள் வீடு 2011-க்கு முன்னால் கட்டியது என்றால் மேலே ஒன்றுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

135 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிப் பஞ்சுச் சுருள் ஏறக்குறைய 3.4 தரும், கூரை ஓடும் சீலிங் பலகையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஏரோலைட் அந்த வகை. ஐசோதெர்ம் பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வரும் பாலியஸ்டர், தோலில் அரிக்காது. காகிதக் கூழை ஊதி நிரப்பும் வகையும் உண்டு, கோணல்மாணலான அட்டத்துக்கு அது வசதி. எதுவானாலும் அமுக்காதீர்கள், அமுங்கினால் காப்புப் போய்விடும். இரண்டு சுருளுக்கு நடுவில் இடைவெளி விடாதீர்கள். பதித்த ஹாலஜன் விளக்குகளின் மேல் போட்டு மூடாதீர்கள், தீப்பிடிக்கும். ஏறும் மூடியின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டி விளிம்பில் ஃபோம் டேப் போடுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். வெள்ளி நிறத் தாள் மட்டும் போதும் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அது கோடைக்கு நல்லது, குளிருக்கு அத்தனை உதவாது என்று சொல்லி அனுப்புங்கள்.

அட்டத்துக்கு நீங்களே ஏறுவதானால் முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. மரச் சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், பலகையில் வைத்தால் கூடத்துக்கு வந்து சேர்வீர்கள். இன்னொன்று: ஆஸ்பெஸ்டாஸ் இந்த நாட்டில் 2008-இல்தான் தடை செய்யப்பட்டது. பழைய வீட்டுக் கூரையோ சீலிங்கோ சாம்பல் நிற சிமெண்ட் தகடாக இருந்தால் துளைபோடவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்.

நாங்க பின்கட்டு அறையில வாடகைக்கு இருக்கோம். தகரக் கூரை, சீலிங்கே இல்ல.

அரசு கட்டிக்கொடுத்த பழைய வீடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். சீலிங் போடாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் குறைவு. வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள், தகரத்தில் வியர்த்து விடியற்காலையில் சொட்டும் தண்ணீரையும் காட்டுங்கள். அதுவரை, கட்டிலைச் சுற்றி மேலே தடித்த துணி கட்டிச் சின்ன அறைக்குள் அறை மாதிரி செய்துகொள்ளலாம். அதற்குள்ளும் பக்கத்திலும் விளக்கு, அடுப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது.

மற்ற வாடகை வீட்டுக்காரர்களுக்கு: ஃபோம் டேப், மணல் பை, பபிள் ராப், திரைச்சீலை எல்லாம் போகும்போது கழற்றிவிடலாம். முன்பணத்துக்குக் கேடில்லை. சிலிகானுக்கும் பிரஷ் பட்டைக்கும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாட் என்றால் வெளிப்புறம் தெரியும் எந்த மாற்றத்துக்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

சுவர்ல மேல ஓட்டை போட்ட செங்கல் இருக்கு. அது வழியா குளிர் கொட்டுது. சிமெண்ட் வச்சு அடைச்சிடலாமா?

நில்லுங்கள். அடைக்க வேண்டிய ஓட்டை வேறு, அடைக்கக் கூடாத ஓட்டை வேறு. அந்த அறையில் கேஸ் ஹீட்டர், கேஸ் அடுப்பு, பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு, விறகு அடுப்பு எது எரிந்தாலும் அந்தச் செங்கல் திறந்தே இருக்க வேண்டும். காற்று பத்தாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்தில் ஆளைக் கொன்றுவிடும். எரிகிற பொருள் எதுவும் இல்லாத அறை என்றால், திறந்து மூடும் தகடு ஒன்று மாட்டி இரவில் மூடிக் காலையில் திறக்கலாம். நிரந்தரமாகப் பூச வேண்டாம்.

வெளிச்சுவரில் தரையை ஒட்டியும் இப்படிச் செங்கல் இருக்கும், பழைய மரத்தரை வீடுகளில். அது தரைக்கு அடியில் காற்றோட உள்ள வழி. அதை அடைத்தால் குளிர் கொஞ்சம் குறையும், சில வருடத்தில் மரம் உளுத்துவிடும். பலகை இடுக்கை அடைத்து மேலே ஒரு கம்பளம் விரியுங்கள்.

கரண்ட் போற நேரத்துக்கு கேஸ் ஹீட்டர் வாங்கலாமா? பக்கத்து வீட்ல கரி அடுப்பையே உள்ள வச்சுக்கறாங்க.

கரி அடுப்பு உள்ளே வரவே கூடாது. பிராய் (வெளியே கரியில் இறைச்சி சுடுவது) முடிந்து தணல் ஆறுகிற தட்டுகூடக் கூடாது. ஆறுகிற கரிதான் அந்த வாயுவை அதிகம் விடும். ஒவ்வொரு குளிர்காலமும் இதனால் குடும்பங்கள் சாகின்றன. பக்கத்து வீட்டில் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேஸ் ஹீட்டர் வாங்கினால் ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சார் உள்ளதை வாங்குங்கள். ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள், தூங்கப் போகுமுன் அணையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே போங்கள், அப்புறம் அவசர உதவி எண் 10177-க்கோ, செல்பேசியிலிருந்து 112-க்கோ அழையுங்கள்.

நீங்க சொன்னபடி இடுக்கெல்லாம் அடைச்சாச்சு. இப்ப சுவர்ல கருப்பா பூஞ்சை வருதே அக்கா? (இது என் மனைவியிடம் வந்த கேள்வி.)

முன்பு இடுக்கு வழியாகச் சூட்டோடு ஈரமும் வெளியே போனது, இப்போது உள்ளேயே நிற்கிறது. இட்லி வேகும் ஆவி, குளியல், உள்ளே காயும் துணி, நம் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிகிறது. கேஸ் ஹீட்டரும் ஒரு காரணம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும்.

காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறங்கள். ஈரக்காற்று போய்விடும், சுவர்ச் சூடு அதற்குள் ஆறாது. ஹைவெல்டில் (ஜொகனஸ்பர்க் இருக்கும் மேட்டுச் சமவெளியில்) வெளிக்காற்று காய்ந்து இருப்பதால் இது நன்றாக வேலை செய்யும். கேப் டவுனில் குளிர்காலம்தான் மழைக்காலம், அங்கே எக்ஸாஸ்டும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வேண்டியிருக்கும். பீரோவைத் தெற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

நாங்க டர்பன்ல இருக்கோம். எங்களுக்கு இதெல்லாம் தேவையா?

கதவடியும் திரைச்சீலையும் போதும். ஜூலை இரவே அங்கே 11, 12 டிகிரிதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் உறவினர்கள் உங்களோடு சேர்ந்தவர்கள் அல்ல. அது பள்ளத்தாக்கு, குளிர்காற்று இறங்கித் தேங்கும். அவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்க்கட்டும்.

கீசருக்கும் போர்வை போடணுமா?

தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போடுங்கள், சூடு வீணாகிறது. குழாயை முதல் சில மீட்டருக்காவது சுற்றுங்கள், பலர் தொட்டியைச் சுற்றிவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ரொம்பக் குறைத்தால் தண்ணீரில் கிருமி வளரும்.

மாவு ரெண்டு நாளானாலும் புளிக்கல. இதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள். இல்லையென்றால் வொண்டர்பேக் வாங்குங்கள். 2008-இல் இந்த நாட்டிலேயே உருவான, சூட்டைப் பிடித்துவைக்கும் பஞ்சுப்பை அது. மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பாத்திரத்தோடு அதற்குள் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். சாம்பாரும் அதில் சூடாக நிற்கும். சீலிங் இன்சுலேஷன் என்றால் என்ன என்று இன்னும் புரியாதவர்களுக்கு அந்தப் பையைத்தான் காட்டுகிறேன்.

இவ்வளவும் பண்ணிட்டா டிசம்பர்ல வீடு வேகாதா?

வேகாது. உள்ளிருந்து சூட்டைப் போகவிடாத அதே பஞ்சு, கொதிக்கும் கூரையின் சூட்டை உள்ளே இறங்கவும் விடாது. தகரக் கூரை வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை கோடையில்தான் தெரியும். வடக்கு ஜன்னல் பற்றியும் பயம் வேண்டாம். டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் சூரியன் 87 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் இருக்கும். கூரை நீட்டம் கொஞ்சம் இருந்தாலே நிழல் விழுந்துவிடும். தொல்லை தருவது மேற்கு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பந்தலோ தட்டியோ போட்டுக்கொள்ளுங்கள்.

கோடை வந்ததும் ஃபோம் டேப்பைப் பிய்க்காதீர்கள், புழுதிக்கும் கொசுவுக்கும் அது தடுப்பு. பபிள் ராப்பை உரித்துச் சுருட்டி வையுங்கள். மணல் பையை மட்டும் ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்துவிடுங்கள்.